செமஸ்டர்: அரையாண்டா, தவணையா, பருவமா?

பிள்ளையை மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டுப் பினாங்கு திரும்பும் பெற்றோர் முதலில் பழகவேண்டிய சொல் செமஸ்டர். மாணவர்கள் அதையும் 'செம்' என்று சுருக்கிவிடுகிறார்கள்: செம் பிரேக், ஷார்ட் செம், அடுத்த செம். மலாய் மொழியிலும் அது செமஸ்டர்தான். தமிழில் எழுதும்போது மட்டும் ஆளுக்கு ஒரு சொல் வைக்கிறோம்.

மூலம் லத்தீன். ஆறைக் குறிக்கும் சொல்லும் மாதத்தைக் குறிக்கும் 'மென்சிஸ்' என்ற சொல்லும் சேர்ந்து 'செமெஸ்த்ரிஸ்' ஆனது. ஆறு மாதத்துக்கு உரியது என்று பொருள். ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் அதை எடுத்தாண்டன, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பாதி என்று பொருள்படும் 'செமி'க்கும் இதற்கும் உறவில்லை. ஆண்டுக்கு இரண்டு வருவதால் பலர் அப்படி நினைத்துவிடுகிறார்கள்.

ஜெர்மனியில் இந்தச் சொல் இன்றும் தன் பொருளோடு இருக்கிறது. அங்கே பொதுவாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால செமஸ்டர், ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை கோடைகால செமஸ்டர். வகுப்பு நடக்காத வாரங்களும் செமஸ்டருக்குள்ளேயே அடங்கும். அந்த நாள்களை 'விரிவுரை இல்லாத காலம்' என்றே சொல்கிறார்கள்.

நம் மலேசியக் கணக்கு வேறு. அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக 14 வாரம் விரிவுரை, நடுவில் ஒரு வாரம் இடைவேளை, பிறகு ஒரு வாரம் மீள்பார்வை, அப்புறம் இரண்டு மூன்று வாரம் தேர்வு. கூட்டிப் பார்த்தால் நாலரை மாதம்கூட முழுதாக வராது. அதற்குப் பிறகு வரும் விடுமுறை செமஸ்டருக்கு வெளியே நிற்கிறது. அதனால்தான் 'அரையாண்டு' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. வேருக்கு நேரான மொழிபெயர்ப்புதான், ஆனால் நம் நாட்காட்டிக்குப் பொருந்தவில்லை. தமிழகத்து வாசகருக்கோ அரையாண்டு என்றால் பள்ளியில் டிசம்பரில் எழுதும் தேர்வுதான் நினைவுக்கு வரும்.

தவணை என்ற சொல் நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்களுக்குப் புதிதல்ல. முதல் தவணை, தவணை விடுமுறை என்றெல்லாம் கேட்டே வளர்ந்தோம். இலங்கையிலும் தவணைப் பரீட்சை உண்டு. தமிழகத்தில் தவணை என்றால் கடனைப் பிரித்துக் கட்டுவது. குறித்த காலக்கெடு என்பதே இரண்டுக்கும் அடிப்படை. நல்ல சொல்தான். ஆனால் அதைப் பள்ளிக்கே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். நாட்டின் பள்ளி ஆண்டு, பெருந்தொற்றுக்குப் பிறகு மார்ச்சுக்குத் தள்ளிப்போய், 2026இல் மீண்டும் ஜனவரிக்கு வந்திருக்கிறது. பல்கலைக்கழக ஆண்டோ செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தொடங்குகிறது. ஒரே வீட்டில் அண்ணன் பல்கலைக்கழகத்திலும் தங்கை பள்ளியிலும் இருந்தால், இரண்டுக்கும் தவணை என்று சொல்வது குழப்பத்தில்தான் முடியும்.

மிஞ்சுவது பருவம். தமிழகக் கல்லூரிகளில் பருவத் தேர்வு என்பது நிலைத்துவிட்டது. அங்கே பள்ளிகளுக்கு 2012இல் முப்பருவ முறை வந்தபோதும் இதே சொல்தான் கைகொடுத்தது. பருவம் இத்தனை மாதம் என்று எதையும் வரையறுப்பதில்லை. ஒரு செயலுக்கு உரிய காலம் என்பதே அதன் பொருள். விதைக்க ஒரு பருவம், அறுக்க ஒரு பருவம். 14 வார வகுப்புக்கும் அது பொருந்தும், தனியார் கல்லூரிகளின் ஏழெட்டு வார 'ஷார்ட் செம்'முக்கும் குறும்பருவம் என்று சொல்லிக்கொள்ளலாம். டிரைமெஸ்டர் என்பதற்கு லத்தீனில் மூன்று மாதம் என்று பொருள். பல்கலைக்கழகத்திலோ ஆண்டை மூன்றாகப் பிரித்ததில் ஒரு பங்கு. முப்பருவம் என்றால் அந்தச் சிக்கலும் இல்லை.

இனி 'பிரேக்'. அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரே ஆங்கிலச் சொல் மூன்று வேறு காலங்களுக்கு ஓடுகிறது. பருவத்தின் நடுவில் வரும் ஒரு வாரத்தைப் பருவ இடைவேளை என்று சொல்லலாம். ஒப்படைப்புகள் அப்போதும் துரத்திக்கொண்டிருக்கும். முதல் பருவத்துக்கும் இரண்டாம் பருவத்துக்கும் இடையில் வரும் சில வாரங்கள் பருவ விடுமுறை. இரண்டாம் பருவம் முடிந்து அடுத்த கல்வியாண்டு தொடங்கும்வரை உள்ளது நீண்ட விடுமுறை, அல்லது ஆண்டு விடுமுறை. தமிழ்நாட்டுப் பயணமோ குடும்பத் திருமணமோ வைப்பதற்கு ஏற்றது அந்தக் கடைசி ஒன்றுதான்.

விடுமுறை, விடுப்பு இரண்டையும் கலக்கவும் கூடாது. நிறுவனமே மூடுவது விடுமுறை, ஒருவர் கேட்டுப் பெறுவது விடுப்பு. தைப்பூசத்துக்குப் பினாங்கிலும், 2008 முதல் கோலாலம்பூரிலும் பொது விடுமுறை உண்டு. அதற்கு முதல் நாளே கோலாலம்பூரில் ரயிலேறி, பினாங்கின் பட்டர்வொர்த் போக நினைக்கும் மாணவர், அன்று வகுப்பு இருந்தால், கேட்கவேண்டியது விடுப்பு.

தேர்வுக்கு முந்திய 'ஸ்டடி வீக்' இந்த வரிசையில் சேராது. வகுப்பு இல்லை என்பதால் வீட்டில் அதையும் லீவு என்றே எடுத்துக்கொள்கிறார்கள், பிள்ளையைக் கல்யாண வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மலாயில் அதற்கு 'மிங்கு உலாங்காஜி' என்று பெயர். மீள்பார்வை வாரம் என்று தமிழில் தெளிவாகச் சொல்லிவிட்டால், அந்த வாரத்தில் பிள்ளைக்கு என்ன வேலை என்பது பெயரிலேயே தெரியும்.