விளக்கு போர்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்?

"இந்த முறை எங்கள் நாடகத்தில் கறுப்பின நடிகர்கள் அதிகம்" என்று அமெரிக்க நாடகக் குழுக்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. சந்தோஷமான விஷயம்தான். ஆனால் நாடகத்தை எழுதியது யார், இயக்குவது யார், மேடை விளக்குகளைக் கட்டுப்படுத்தும் விளக்கு போர்டில் உட்கார்ந்திருப்பது யார்? மேடை ஒளியமைப்பாளராக நான் கேட்பது இதைத்தான்.

வெளிர்நிறத் தோல் உள்ள ஒருவரை நிறுத்தி வைத்து விளக்குகளைச் சரிசெய்து முடித்துவிடுவார்கள். அப்புறம் கறுப்பின நடிகர் வந்து நின்றால் முகபாவமே தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தைக் கூட்டி, பின்னணியைக் கொஞ்சம் மங்கவைத்து, விளக்கின் முன்னால் மாட்டும் ஜெல் என்ற வண்ணத் தாளின் நிறத்தை மாற்றினால் போதும். முதலிலேயே யோசிக்காததால் ஒத்திகையில் அதற்கு நேரம் மிஞ்சாது. சிகையலங்காரத்திலும் இதே கதை. அடர்சுருள் முடியைக் கையாளத் தெரிந்தவர் குழுவில் இல்லாமல், சொந்தச் செலவில் பின்னிக்கொண்டு வரும் நடிகைகள் இருக்கிறார்கள்.

அமெரிக்க நாடகம் வெள்ளையருக்கு மட்டும்தானா என்று 1966-ல் கறுப்பின நடிகரும் நாடகாசிரியருமான டக்ளஸ் டர்னர் வார்ட் நியூயார்க் டைம்ஸில் கேட்டு எழுதினார். அதைப் பார்த்து ஃபோர்டு அறக்கட்டளை நிதி தர முன்வந்தது. மறு ஆண்டே ராபர்ட் ஹூக்ஸ், ஜெரால்ட் க்ரோன் இருவரோடும் சேர்ந்து நீக்ரோ என்செம்பிள் கம்பெனி என்ற கறுப்பின நாடகக் குழுவைத் தொடங்கினார். நடிப்போடு நிற்காமல் நாடகம் எழுதவும், மேடைத் தொழில்நுட்பத்துக்கும் அங்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் தயாரித்த 'தி ரிவர் நைஜர்' நாடகம் நியூயார்க்கின் பெரிய வணிக நாடக அரங்குகளான பிராட்வேக்குப் போய், 1974-ல் சிறந்த நாடகத்துக்கான டோனி விருதை, அதாவது பிராட்வே நாடகங்களுக்கான உயரிய விருதை, வாங்கியது. அதற்கு ஒளியமைத்த ஷெர்லி பிரெண்டர்காஸ்ட்தான் பிராட்வேயில் அந்த வேலையைச் செய்த முதல் கறுப்பினப் பெண். கறுப்பினக் கலைஞர்களே முடிவெடுக்கும் குழு ஒன்று இருந்ததால்தான் அது நடந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் அதே சமயத்தில் நிதி சுருங்கியது. நிரந்தர நடிகர் குழுவைக் கலைக்க வேண்டி வந்தது. விருது வாங்கிய குழுவுக்கே இந்த நிலை! இன்றும் ஒரே ஒரு நாடகத்துக்கு, அதுவும் கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரிக்கு என்று, பணம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் குழுவை நடத்தக் கேட்டால் கிடைப்பதில்லை. கறுப்பின எழுத்தாளர்களின் பிரதிகளும் வாசிப்பு நிகழ்ச்சியோடு நின்றுவிடுகின்றன. பிரதியை வாங்கும்போதே மேடையேற்றும் தேதியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பட்ஜெட் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. ஒளி, ஒலி, மேடை நிர்வாகம் மூன்றிலும் உதவியாளர்களுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். சம்பளமில்லாமல் வந்து கற்றுக்கொள் என்றால், வீட்டு வாடகைக்குக் கவலை இல்லாத பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள்.