பழைய எலும்பில் இருப்பது யாருடைய டிஎன்ஏ?

பழைய எலும்பைத் துளையிட்டு, வரும் பொடியிலிருந்து டிஎன்ஏ எடுத்துவிடலாம். அது யாருடையது என்று சொல்வதுதான் பெரும்பாடு. தோண்டியவரின் விரல், கழுவி வைத்தவரின் வியர்வை, ஆய்வகத்தில் பேசியவரின் எச்சில் துளி எல்லாம் அந்த எலும்பில் ஒட்டியிருக்கும். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வேறு குடியேறியிருக்கும். நமக்கு நெருங்கிய உறவான, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தால்களின் பல எலும்புகளில் கிடைக்கும் டிஎன்ஏவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நுண்ணுயிர்களுடையதுதான்.

நுண்ணுயிர்களைக் கழிப்பது எளிது. மனித மரபணுத்தொகுதியோடு ஒப்பிட்டால் அவை பொருந்தாமல் தனியே விழுந்துவிடும். எலும்பைத் தொட்ட மனிதரின் டிஎன்ஏவை அப்படிக் கழிக்க முடியாது. நியாண்டர்தால்களுக்கும் நமக்கும் டிஎன்ஏ வரிசையின் அடுக்குகளை எழுத்துகள் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் எழுத்துக்கு ஓரிரண்டுதான் வித்தியாசம். பழைய எலும்பில் கிடைக்கும் துண்டுகளோ பெரும்பாலும் நூறு எழுத்துக்கும் குறைவானவை. ஆக, பெரும்பாலான துண்டுகளை எழுத்தெழுத்தாகப் படித்தாலும் அது நியாண்டர்தாலா, நேற்று கையுறை போடாமல் எலும்பை எடுத்தவரா என்று தெரியாது.

இதில் பெரிய ஆய்வாளர்களே ஏமாந்திருக்கிறார்கள். 1985-ல் ஸ்வீடன் மரபியலாளர் ஸ்வாந்தே பேபோ, சுமார் 2,400 ஆண்டு பழமையான எகிப்திய மம்மி ஒன்றிலிருந்து டிஎன்ஏ எடுத்ததாக எழுதினார். அது பெரும்பாலும் இக்கால மனிதருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது பிற்பாடு தெளிவானது. 1994-ல் எட்டுக் கோடி ஆண்டு பழைய எலும்பிலிருந்து, டைனோசருடையதாக இருக்கலாம் என்று அறிவிக்கப்பட்ட டிஎன்ஏவும் கடைசியில் மனித டிஎன்ஏ என்றே தெரியவந்தது.

பேபோ துறையை விட்டு ஓடவில்லை. எது பழையது, எது புதியது என்று பிரிக்கும் வழியைத் தேடுவதிலேயே பல ஆண்டுகளைச் செலவிட்டார். 2022-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. என்னைக் கேட்டால், கண்டுபிடிப்புகளுக்கு இணையாக அந்தப் பொறுமையும் பரிசுக்குரியது.

சரி, எப்படிப் பிரிக்கிறார்கள்? விடை டிஎன்ஏ கெட்டுப்போகும் விதத்திலேயே இருக்கிறது. நாம் உயிரோடிருக்கும்போதும் டிஎன்ஏ ஓயாமல் பழுதாகிக்கொண்டுதான் இருக்கிறது. செல்லிலுள்ள நொதிகள் அதை உடனுக்குடன் சரிசெய்துவிடுகின்றன. இறந்தபின் சரிசெய்ய யாருமில்லை. நீண்ட இழை துண்டு துண்டாக உடைகிறது. அதோடு, டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், ஈரத்தோடு வினைபுரிந்து தன் அமீன் பகுதியை இழந்து யுராசிலாக மாறுகிறது. எழுத்துகளைப் படிக்கும் கருவி இந்த யுராசிலை, நான்கில் இன்னோர் எழுத்தான தைமின் என்று படித்துவிடும்.

இந்த மாற்றம் இழை முழுக்க ஒரே அளவில் நடப்பதில்லை. டிஎன்ஏ இரண்டு இழைகள் பின்னியது. பின்னலுக்குள் இருக்கும் எழுத்துகளுக்குப் பாதுகாப்பு அதிகம். துண்டு உடைந்த இடத்தில் ஓர் இழை மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கேயுள்ள சைட்டோசின்தான் வேகமாகக் கெடும். அதனால் ஆயிரக்கணக்கான துண்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால், நுனிகளில் மட்டும் சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் ஏராளமாகத் தெரியும். உள்ளே போகப் போக அது சட்டென்று குறைந்துவிடும். நேற்றைய வியர்வையில் வந்த டிஎன்ஏவில் இந்தத் தழும்பு அநேகமாக இருக்காது. 2007-ல் பேபோவின் குழு இதைத் தெளிவாகப் பதிவு செய்தபின், நுனியில் தழும்புள்ள துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கவும் முடிந்தது. ஸ்பெயினில் சீமா தெ லொஸ் ஊசோஸ் என்ற குகைக்குழியில் கிடைத்த, சுமார் 4,30,000 ஆண்டு பழைய எலும்புகளை இப்படித்தான் படித்தார்கள். அந்த எலும்புகளுக்குரியவர்கள் நியாண்டர்தால்களின் முன்னோர் அல்லது அவர்களுக்கு மிக நெருங்கியவர்கள் என்பது 2016-ல் தெரிந்தது.

வெப்பம் கூடினால் சிதைவின் வேகமும் கூடும். மனிதக் கதை பெரும்பகுதி நடந்த ஆப்பிரிக்காவில் அவ்வளவு பழைய டிஎன்ஏ கிடைக்காததற்கு இது முக்கியக் காரணம். 1974-ல் எத்தியோப்பியாவில் எலும்புக்கூடாகக் கிடைத்த, லூசி என்று பெயரிடப்பட்ட ஆதி மனித உறவினளுக்கு வயது 32 லட்சம் ஆண்டுகள். எந்தக் கருவி வந்தாலும் அவளுடைய டிஎன்ஏவை நாம் படிக்கப் போவதில்லை என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

குளிர்ந்த இடங்கள் அதற்கு ஈடு செய்கின்றன. சைபீரியாவின் அல்தாய் மலையிலுள்ள டெனிசோவா குகையில் 2008-ல் ஒரு விரல் எலும்புத் துணுக்கு கிடைத்தது. உருவத்தைப் பார்த்து இன்னாருடையது என்று சொல்லவே முடியாத அளவுக்குச் சிறியது. 2010-ல் அதன் டிஎன்ஏவைப் படித்தபோது, அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு மனிதக் கூட்டம் வெளிப்பட்டது; குகையின் பெயரால் அவர்களை டெனிசோவர் என்கிறார்கள். எலும்பின் உருவத்தை வைத்து அல்லாமல், டிஎன்ஏவை வைத்தே ஒரு மனித இனம் அறியப்பட்டது அதுவே முதல் முறை. பப்புவா நியூ கினி மக்களின் மரபணுவில் இன்றும் இந்த டெனிசோவர்களின் பங்கு இருக்கிறது.

அப்புறம் அதே குகையில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் இன்னோர் எலும்புத் துணுக்கு. சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, பதின்மூன்று வயதாவது நிரம்பிய ஒரு பெண்ணுடையது. 2018-ல் வந்த முடிவை ஆய்வாளர்களே முதலில் நம்பவில்லை. மறுபடி மறுபடி சோதித்தார்கள். தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவர். அந்தத் தாயின் மரபணு, அதே குகையில் அவளுக்கு முன் வாழ்ந்த நியாண்டர்தாலைவிட, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி குரோவேஷியாவில் பிற்காலத்தில் வாழ்ந்த நியாண்டர்தாலோடுதான் அதிகம் ஒத்துப்போனது.