ஜிபிஆர்எஸ்: பேச்சு விட்ட இடத்தில் ஓடும் இணையம்

பழைய பட்டன் போனை ரேடியோ பக்கத்தில் வைத்தால், அழைப்பு மணி அடிப்பதற்கு முன்பே 'டிடிட் டிடிட்' என்று இரைச்சல் கேட்குமே, நினைவிருக்கிறதா? அந்தப் போனில் இணையம் ஓடும்போதும் இதே மாதிரி இரையும். அந்தப் போன்களுக்கு இணையம் தந்த ஜிபிஆர்எஸ் எப்படி வேலை செய்கிறது என்பது அந்தச் சத்தத்திலேயே இருக்கிறது.

ஜிஎஸ்எம் என்ற 2ஜி செல்பேசி முறையில் ஓர் அலைவரிசையின் அகலம் 200 கிலோஹெர்ட்ஸ். அதை ஒரே போனுக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அதனால் நேரத்தைக் கூறு போட்டார்கள். 4.615 மில்லிசெகண்ட் ஒரு சுற்று, சுற்றுக்கு 8 கூறு. போன் தன் முறை வரும்போது மட்டும் அலையை அனுப்பிவிட்டு அடங்கிவிடும். நொடிக்கு சுமார் 217 முறை இப்படி விட்டு விட்டு அனுப்புவதைத்தான் ஸ்பீக்கர் ஒயர் பிடித்துக்கொள்கிறது.

ஓர் அழைப்புக்கு ஒரு கூறு போதும். முதலில் இணையத்தையும் அழைப்பு போலவே நடத்தினார்கள். நொடிக்கு 9.6 கிலோபிட் வேகம்தான். நாம் பக்கத்தைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தாலும் அந்தக் கூறு நம் பேரிலேயே கிடக்கும், காசும் ஓடும். ஜிபிஆர்எஸ் இதை மாற்றியது. தரவைச் சிறு பொட்டலங்களாக்கி, யாரும் பேசாமல் காலியாக இருக்கும் கூறுகளில் அனுப்பியது. வேலை முடிந்ததும் கூறை விட்டுக்கொடுத்தது. என்னைக் கேட்டால், செல்பேசி வரலாற்றின் மிக அழகான யோசனைகளில் இது ஒன்று.

வேகம் டவரின் தூரத்தையும் பொறுத்தது. சிக்னல் நன்றாக இருந்தால் கூறுக்கு 21.4 கிலோபிட் வரை போகும். மோசமானால் பிழை திருத்தும் பிட்டுகள் இடத்தை அடைத்துக்கொண்டு 9.05 ஆகிவிடும். நடுத்தரமான 13.4 என்று வைத்து, நான்கு கூறு கிடைத்தாலும் ஒரு எம்பி படம் இறங்க இரண்டரை நிமிடம் ஆகும். அப்புறம் வந்த எட்ஜ் என்ற மேம்பட்ட வடிவம், ஒரே துடிப்பில் 1 பிட்டுக்குப் பதில் 3 பிட் ஏற்றி, கூறுக்கு 59.2 கிலோபிட் வரை கொண்டுபோனது.

பேச்சுக்குத்தான் முன்னுரிமை. அதனால் ஊரே போனில் பேசும் நேரத்தில் இணையம் தவழும். அழைப்பில் இருக்கும்போது பெரும்பாலான போன்களில் தரவு அப்படியே நின்றுவிடும்.

ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் சிம்மில் அந்த 2ஜி இன்றும் கிடைக்கிறது. ஜியோ தொடக்கத்திலிருந்தே 4ஜி என்பதால் அதன் சிம் இதில் எடுபடாது. ஏபிஎன் (போனை இணையத்தோடு சேர்க்கும் அமைப்பு) சரியாகப் போட்டால் திரையில் 'ஜி' (ஜிபிஆர்எஸ்) அல்லது 'இ' (எட்ஜ்) வந்துவிடும். ஆனாலும் பல தளங்கள் திறக்காது. இதில் டவர் மேல் குற்றமில்லை. இன்றைய தளங்கள் டிஎல்எஸ் 1.2 அல்லது 1.3 மறையாக்கம் கேட்கின்றன. பழைய போனுக்கு அது தெரியாது, தளம் உண்மையானதுதானா என்று சரிபார்க்க அதிலுள்ள சான்றிதழ்களும் காலாவதியாகியிருக்கும். நெடுநாள் பேட்டரி கழற்றிக் கிடந்த போன் என்றால் தேதியையும் சரிபாருங்கள்; தேதி பின்தங்கிய போன் புதிய சான்றிதழை ஏற்காது. மறையாக்கம் இல்லாத எளிய எழுத்துப் பக்கங்கள் மட்டும் மெதுவாக, ஆனால் ஒழுங்காகத் திறக்கும்.