பேயைப் பார்க்க வேண்டாம், கேமராவைப் பாருங்கள்: 'போர்க்கால ரகசியப் பரிசோதனை' வீடியோக்களைச் சோதிப்பது எப்படி?

இருட்டு நிலவறை. வழிதவறி நுழைந்த சிப்பாய்கள். மூலையில், மனித உடலோடு இரும்பைச் சேர்த்துத் தைத்த ஏதோ ஒன்று அசைகிறது. படம் எடுப்பவரின் மூச்சிரைப்பு கேட்கிறது, காட்சி ஆடுகிறது, அப்புறம் அலறல். யாரோ எடுத்துவிட்டுப்போன படச்சுருள் கைக்குக் கிடைத்த மாதிரி கதை சொல்வதை 'ஃபவுண்ட் ஃபூட்டேஜ்' என்கிறோம். அந்தப் பாணித் திகில் படங்களில் போர்க்கால ஆய்வுக்கூடத்தைக் களமாக வைத்தவை ஒரு தனி ரகம். 2013ல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்ஸ் ஆர்மி' அதற்குச் சரியான உதாரணம்: இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் சோவியத் படைப்பிரிவு ஒன்றோடு போகும் கேமராக்காரர் எடுத்ததாகவே முழுப்படமும் ஓடும்.

படமாகப் பார்க்க இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிலவற்றில் ஒப்பனைக் கலைஞர்களின் கைவேலை அபாரம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மாதிரிப் படங்களிலிருந்து நாற்பது விநாடியை வெட்டி, தலைப்பையும் இயக்குநர் பெயரையும் உதிர்த்து, 'நாஜிகளின் ரகசியக் காப்பகத்திலிருந்து கசிந்தது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், அது ஆவணமாகிவிடுகிறது. பார்ப்பவர் பயத்தில் அந்த உருவத்தையே பார்க்கிறார். பழைய பிலிமைக் கையாள்கிறவர்கள் உருவத்தைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். அவர்களுடைய முதல் கேள்வி, 'இதை அன்றைக்கு எந்தக் கேமராவால் எடுத்திருக்க முடியும்?' என்பதுதான்.

போர்முனையில் அதிகம் புழங்கிய 35 எம்எம் கையடக்கக் கேமரா ஐமோ. அமெரிக்காவின் பெல் அண்ட் ஹோவெல் தயாரிப்பு. சோவியத் கேமராக்காரர்கள் கையில் அதன் நகல்கள் இருந்தன. உள்ளே 100 அடி பிலிம் போகும். 35 எம்எம்மில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓட்டினால் 1,600 ஃபிரேமும் சுமார் 67 விநாடியில் தீர்ந்துவிடும். அதுவும் தொடர்ச்சியாக ஓடாது. சாவி கொடுத்து முறுக்கும் ஸ்பிரிங் அது. ஒருமுறை முறுக்கினால் அரை நிமிடம் அளவுக்குத்தான் வரும். ஜெர்மானியர்களிடம் 1937ல் அறிமுகமான ஆரிஃப்ளெக்ஸ் இருந்தது. மின்மோட்டார், பேட்டரி எல்லாம் உண்டு. ஆனாலும் 200 அடி மேகசினில் (பிலிம் வைக்கும் பெட்டியில்) 2 நிமிடம் 13 விநாடிதான். 16 எம்எம் கேமராவில் 100 அடி ரோல் போட்டால் 2 நிமிடம் 46 விநாடி. ஆக, நிலவறைக்குள் வெட்டே இல்லாமல் ஆறு நிமிடம் ஓடிக்கொண்டே எடுத்த காட்சி என்றால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். ரோலை மாற்ற ஓர் ஆள் நின்று, மூடியைத் திறந்து, பிலிமைப் பற்சக்கரத்தில் கோர்த்து, மூடி, மறுபடி முறுக்க வேண்டும். பின்னால் பிசாசு துரத்தும்போது அந்த வேலை நடக்காது.

ஒலி விஷயம் இன்னும் தெளிவு. உதடும் குரலும் பொருந்தும்படி பதிவு செய்ய அன்றைக்கு ஒலியையும் பிலிமிலேயே எழுதினார்கள். அந்தக் கருவிகள் ஸ்டாண்டில் நிற்கும், வண்டியில் வரும். தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மேக்னட்டோஃபோன் என்ற ஒலிநாடா இயந்திரத்தை ஜெர்மனி 1935லேயே காட்சிக்கு வைத்தது உண்மை. ஆனால் அது வானொலி நிலையத்துச் சாமான். தோளில் மாட்டிக்கொண்டு கேமராவோடு இசைந்து ஓடும் டேப் ரெக்கார்டர் புழக்கத்துக்கு வர 1950களின் இறுதி ஆனது. அதனால் போர்முனையில் கையில் பிடித்து எடுத்த பிலிம் பொதுவாக ஊமைதான். செய்திப்படங்களில் நாம் கேட்டுப் பழகிய பீரங்கிச் சத்தத்தில் பெரும்பகுதி எடிட்டிங் மேசையில் சேர்த்தது. கேமராக்காரரின் மூச்சிரைப்பு தெளிவாகக் கேட்கிற '1945 வீடியோ' வந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு உண்டு; கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். அந்தக் காலத்துக் கோடாக்ரோம் வண்ணப் பிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், இன்றைய அளவில் சொன்னால் 10 ஏஎஸ்ஏ வாக்கில். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைப்பது ஏறக்குறைய ஐம்பதில் ஒரு விநாடி. நல்ல வெயிலில் இதற்கு லென்ஸின் திறப்பு எஃப்/8ல் இருக்க வேண்டும் (எண் குறைந்தால் திறப்பு பெரிது). எஃப்/2 வரை முழுக்கத் திறந்தாலும் கூடுதலாகக் கிடைப்பது 16 மடங்கு. அதாவது வெயிலைவிட 16 மடங்கு குறைந்த வெளிச்சம், நல்ல மேகமூட்டம் அல்லது திறந்தவெளி நிழல், அதோடு எல்லை முடிந்தது. டார்ச் அடித்த நிலவறை வெயிலைவிடப் பல ஆயிரம் மடங்கு இருட்டு. வேகமான கறுப்பு வெள்ளைப் பிலிமும் இன்னொரு பத்து மடங்குதான் உதவும். உண்மையாகவே அங்கே எடுத்திருந்தால் பிலிம் கழுவியதும் கிடைப்பது கறுப்புத் திரை. வண்ணத்தில், ஈரச்சுவரின் மினுமினுப்புகூடத் தெரிகிற நிலவறைக் காட்சி டிஜிட்டல் கேமராவின் வேலை.

பழையது போலக் காட்டப் போடும் 'மேக்கப்' பற்றி. கீறல், தூசி, நடுக்கம் எல்லாம் இப்போது ஆயத்தமாகக் கிடைக்கும் அடுக்குகள். வீடியோவின் மேல் விரித்தால் போதும். காட்டிக்கொடுப்பது அதன் சுழற்சி. குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு முடி இழை வலது மேல்மூலையில் வந்தால், அந்த விநாடியைக் குறித்துவைத்துக்கொண்டு ஓட்டுங்கள். சில விநாடி கழித்து அதே இழை அதே இடத்தில் வந்தால் கதை முடிந்தது. நிஜத்தில் ஒரு தூசி ஒரே ஒரு ஃபிரேமில் தெரிந்து மறையும். நெகட்டிவ்மேல் ஒட்டிய தூசி பிரிண்டில் வெள்ளையாக விழும். பிரிண்ட்மேலேயே ஒட்டியது கறுப்பாகத் தெரியும். பல பிரதிகள் தாண்டி வந்த படத்தில் இரண்டும் கலந்திருக்கும். செயற்கைத் தூசியில் பெரும்பாலும் ஒரே நிறம். நிஜச் சுருளில் இன்னொரு சின்ன அடையாளம்: ஷாட்டின் முதல் ஓரிரண்டு ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் வெளுத்திருக்கும். மோட்டாரோ ஸ்பிரிங்கோ வேகம் பிடிக்கும் முன்னும் நிற்கும்போதும் ஒளி அதிகம் விழுவதால் அப்படி ஆகிறது. போலியில் இதைச் செய்ய யாருக்கும் தோன்றுவதில்லை. மாறாக, கடிகார முள் சுற்றி 5, 4, 3 என்று எண்ணும் தலைப்புத் துண்டை ஒட்டிவிடுவார்கள். அந்த வடிவம் 1960களில் வந்தது. அதுவும் திரையிடும் பிரதிக்கு ஒட்டுவது. கேமராவிலிருந்து நேராக வந்த சுருளில் அதற்கு வேலையே இல்லை.

பிலிமே கையில் இருந்தால் ஓரத்தைப் பாருங்கள். கோடாக் நிறுவனம் தயாரிப்பு ஆண்டைக் காட்ட வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகளை ஓரத்தில் அச்சிட்டு வந்தது. ஒரே குறி இருபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். 1925, 1945, 1965 மூன்றுக்கும் ஒன்றேதான். குறியை மட்டும் பார்த்து 1945 என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது, அடிப்பொருளையும், அதாவது பிலிம் நைட்ரேட்டா அசிடேட்டா என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தையல் போட்ட உடல்கள் விஷயத்தில் மருத்துவமே பதில் சொல்லும். ஒருவர் உறுப்பை இன்னொருவர் உடல் ஏற்காமல் தள்ளிவிடும். அதை அடக்கும் மருந்து போர்க்காலத்தில் கிடையாது. வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று 1954 டிசம்பரில் பாஸ்டனில் நடந்தது. அதுவும் ஒரே மாதிரி இரட்டையர்களுக்கு இடையே. 1945ல் மூன்று பேரின் கைகால்களோடு எழுந்து நடந்தவர் எவரும் இல்லை.

அடிக்கடி சுற்றும் சில துண்டுகளுக்கு மூலம் தெரியும். வெட்டிய நாயின் தலை கண் சிமிட்டும் கறுப்பு வெள்ளைக் காட்சி, நாஜி ஆய்வுக்கூடத்தில் எடுத்தது என்று வரும். அது 1940ல் வெளியான சோவியத் அறிவியல் படம். செர்கெய் புரியுகோனென்கோவின் ரத்த ஓட்டக் கருவியைப் பற்றியது. ஆங்கிலப் பதிப்புக்கு உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் முன்னுரை பேசியிருக்கிறார். இரட்டைத் தலை நாய் விளாதிமிர் டெமிகோவின் 1950கள் அறுவைச் சிகிச்சை, போர் முடிந்து பல ஆண்டு கழித்து நடந்தது. 'ரஷ்யத் தூக்கப் பரிசோதனை' என்ற பெயரில் கூடவே வரும் எலும்புந்தோலுமான உருவம், ஹாலோவீன் அலங்காரத்துக்காகத் தயாரித்த பொம்மை. அந்தக் கதை இணையத்தில் எழுதப்பட்ட புனைவு.

போலி என்று தெரிந்தாலும் 'அதனால் என்ன, நிஜத்திலும் கொடுமை நடந்ததுதானே' என்று சிலர் சொல்வதுண்டு. நடந்தது. அதனால்தான் கலப்படம் கூடாது என்கிறோம். வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் ஜப்பான் ராணுவத்தின் 731வது பிரிவு மனிதர்கள்மேல் நடத்திய கொடுமைகள் சோவியத் நகரமான கபரோவ்ஸ்கில் 1949 டிசம்பரில் நடந்த விசாரணையில் பதிவானவை. ஆனால் 1980களில் ஜப்பானில் வந்த ஒரு நூலில், 1910–11ல் அங்கே பரவிய பிளேக் நோயின் படங்கள் 731வது பிரிவின் படங்களாக அச்சாகிவிட்டன. தவறு வெளியானதும், அந்தப் பிரிவே கட்டுக்கதை என்று வாதிடக் காத்திருந்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. ஒரு பொய்ப்படம் நூறு மெய்யான சாட்சிகளைச் சந்தேகத்துக்குள் தள்ளிவிடும்.

மெய்யான ஆதாரம் எப்படி இருக்கும்? நாஜிகளின் ராவென்ஸ்புரூக் பெண்கள் வதைமுகாமில் 1942–43ல் போலந்துப் பெண்களின் கால்களைக் கீறி, காயத்தில் கிருமியும் மரத்தூளும் கண்ணாடித்துகளும் வைத்துச் சோதித்தார்கள். 1944 இலையுதிர் காலத்தில், கைதிகளே கள்ளத்தனமாகக் கிடைத்த ஒரு கேமராவில் சிலரைப் படமெடுத்தார்கள். அந்தச் சுருளை அங்கே கைதியாக இருந்த பிரெஞ்சு மானுடவியலாளர் ஜெர்மேன் தீயோன் முகாமிலிருந்து வெளியே கொண்டுவந்தார். போர்க்காலப் பரிசோதனை பற்றி நிஜமாகவே 'கண்டெடுக்கப்பட்ட' படம் என்றால் இதைச் சொல்லலாம். அதில் இருட்டில்லை, அலறல் இல்லை. பகல் வெளிச்சத்தில் வெளியே நிற்கும் ஒரு பெண் பாவாடையை உயர்த்திக் கெண்டைக்காலில் இருக்கும் பள்ளத்தைக் காட்டுகிறார். அவ்வளவுதான். ஜெர்மனியின் டாஹாவ் வதைமுகாமில் நாஜி மருத்துவர் ஜிக்மண்ட் ராஷர் நடத்திய உறைபனி நீர்ச் சோதனைகள் வெளியுலகுக்குத் தெரிந்தது எஸ்எஸ் படைத் தலைவர் ஹிம்லருக்குப் போன கடிதங்கள், அறிக்கைகள் வழியாக. 1946 டிசம்பர் 9 அன்று நியூரம்பர்க்கில் தொடங்கிய மருத்துவர் வழக்கில் 23 பேர் நின்றார்கள். 16 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, 7 பேருக்கு மரண தண்டனை கிடைத்தது. வழக்கை நிலைநாட்டியவை பெரும்பாலும் தட்டச்சுத் தாள்களும் உயிர்பிழைத்தவர்களின் சாட்சியமும்.

படம் சாட்சியான இடத்திலும் காகிதம் கூடவே வந்தது. 1945 நவம்பர் 29 அன்று நியூரம்பர்க் நீதிமன்றத்தில் வதைமுகாம்களைப் பற்றிய ஒரு மணி நேரப் படம் ஓடியது. 80,000 அடி பிலிமிலிருந்து எடுத்த 6,000 அடி அது. காட்சிகளில் எந்தத் திருத்தமும் செய்யவில்லை என்ற பிரமாணப் பத்திரங்கள் படத்தின் தொடக்கத்திலேயே திரையில் வரும். பிரிட்டிஷ் ராணுவக் கேமராக்காரர்கள் ஒவ்வொரு ரோலோடும் இடம், தேதி, ஷாட் விவரம் எழுதிய குறிப்புத்தாளை அனுப்பினார்கள். லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. எனவே 'ரகசியக் காப்பகம்' என்று சொல்பவரிடம் காப்பகத்தின் பெயரையும் எண்ணையும் கேளுங்கள். நிஜப் பிலிமுக்கு எண் இருக்கும்.

எண் வராவிட்டால் நீங்களே தேடலாம். எழுத்தோ வாட்டர்மார்க்கோ இல்லாத நான்கைந்து ஃபிரேமை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உருவத்தின் முகத்தை மட்டும் எடுக்காதீர்கள். கதவு, மேசை, சீருடை தெரிகிற ஃபிரேம்தான் தேடலில் நன்றாக மாட்டும். படத்தேடலில் போட்டு ஒன்றும் வராவிட்டால், இடம் வலம் புரட்டி மறுபடி போடுங்கள். பதிப்புரிமைச் சோதனையிலிருந்து தப்பப் பலர் காட்சியைப் புரட்டித்தான் ஏற்றுகிறார்கள்; சீருடைப் பொத்தானும் எழுத்தும் இடம் வலம் மாறி இருந்தால் அதுவே தடயம். வண்ணத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாக்கிய துண்டுக்கு முகப்புப் படத்தைவிட நடுவில் வரும் ஃபிரேம் பலன் தரும். கிடைத்த முடிவுகளில் மிகப் பழையதைத் திறந்து, அதன் கீழே இருக்கும் பின்னூட்டங்களைப் படியுங்கள். பெரும்பாலும் யாராவது ஒருவர் படத்தின் பெயரை எழுதியிருப்பார்.

எப்போதாவது நிஜமாகவே ஒரு பழைய டப்பா கிடைக்கலாம். ஆர்வத்தில் புரொஜெக்டரில் மாட்டிவிடாதீர்கள். அன்றைய 35 எம்எம் பிலிம் நைட்ரேட். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள்ளும் எரியும். மேரிலாந்தின் சூட்லாண்டில் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் வைத்திருந்த செய்திப்படச் சுருள்கள் 1978 டிசம்பரில் இப்படித்தான் தீக்கிரையாயின. மங்கிய படம், பிசுபிசுப்பு, தேன் போன்ற கசிவு, கடைசியில் பழுப்புத் தூள் என்று அது சிதையும். பிசுபிசுப்பைத் தாண்டியிருந்தால் சுருளைப் பிரிக்காமல், வெயிலும் வெப்பமும் படாத இடத்தில், வாயு வெளியேற வழியோடு வைத்து, திரைப்படக் காப்பகத்தை அழையுங்கள். தபாலில் அனுப்ப வேண்டாம், அது ஆபத்தான சரக்கு. எரிகிறதா என்று துண்டு கிழித்துப் பற்றவைத்துப் பார்க்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். காடி வாசனை அடித்தால் அசிடேட் பிலிம். நைட்ரேட் அளவுக்குத் தீ அபாயம் இல்லை, ஆனால் சுருங்கியிருக்கும். 35 எம்எம்மில் 100 ஃபிரேமின் நீளம் 190 செ.மீ. இருக்க வேண்டும். அது 188.5க்கு வந்துவிட்டால் புரொஜெக்டரின் பற்கள் துளைகளைக் கிழித்துவிடும். ஸ்கேன் செய்யத்தான் கொடுக்க வேண்டும்.

டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டை உரிக்காதீர்கள், துடைக்காதீர்கள். உள்ளே இருப்பதைத் தொடும் முன் அந்தச் சீட்டையும் மூடியின் உட்புறத்தையும் படமெடுத்துக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.