நாமினியை ‘வாரிசுதாரர்’ என்று எழுதலாமா?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் பச்சைத் தேயிலைப் பணம் வரவாகும் சேமிப்புக் கணக்கானாலும் காப்பீட்டுப் பத்திரமானாலும், தமக்குப் பின் பணத்தைப் பெறுவதற்கென்று ஒருவர் பெயர் குறித்துவைக்கும் ஆளை ‘நாமினி’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘வாரிசுதாரர்’ என்று சொல்வதும் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. கேட்கத் தமிழாக இருக்கிறது என்பதைத் தவிர இச்சொல்லுக்கு வேறு தகுதி இல்லை.

நாமினி என்பதன் வேர், ‘பெயர்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லான ‘நோமென்’. வாரிசு, அரபியிலிருந்து வந்தது. இறந்தவரின் சொத்துக்கு உரியவர் என்பதே அதன் பொருள். அதனோடு ‘தாரர்’ சேர்ப்பது மிகை. நாமினிக்கு அதைச் சூட்டுவது பிழை.

திருமணத்துக்கு முன்பு கணக்குத் தொடங்கிய ஒருவர், அண்ணன் பெயரை நாமினியாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் மாற்றாமலே, உயிலும் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி பணத்தை அண்ணனிடம் கொடுக்கும். அத்தோடு வங்கியின் பொறுப்பு தீரும். ஆனால் பணம் அண்ணனுடையதாகிவிடாது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய்க்கும் தலைக்கு ஒரு பங்கு உண்டு. இவர்களில் ஒருவர் இருந்தாலும் அண்ணனுக்கு எதுவும் இல்லை. (தோடர், கோத்தர் போன்ற பட்டியல் பழங்குடியினருக்கு இச்சட்டம் பொருந்தாது.) கிறித்தவர் என்றால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, பிள்ளைகள் உள்ள கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு. நாமினி பணத்தைப் பெற்று உரியவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டியவரே என்று உச்ச நீதிமன்றம் 1984இல் சர்பதி தேவி வழக்கில் காப்பீட்டுத் தொகைக்கும், 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் வங்கி வைப்புக்கும் தெளிவாக்கியது. காப்பீட்டில் மட்டும் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகையை அவர்களுக்கே உரித்தாக்கியது. அண்ணன் அந்தப் பட்டியலிலும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் கையில் ‘வாரிசுதாரர்’ என்ற சொல் இருக்கிறது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் மனைவியும் பிள்ளைகளும் இருக்க, பாஸ்புக்கில் அண்ணன் வாரிசுதாரராக நிற்கிறார். தம்பி மனைவி தன் பங்கைக் கேட்டால், ‘வாரிசு நான்தான் என்று வங்கியே எழுதியிருக்கிறதே’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை, மொழிபெயர்த்தவர் சொன்ன பொய்யைத் திருப்பிச் சொல்கிறார். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டுபவர்கள் சட்டப் பிரிவை ஒருமுறை படித்திருக்கலாம். ‘பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று எழுதுவோரும் உண்டு. விருதுக்குத்தான் பரிந்துரை, வைப்புத் தொகைக்கு அன்று.

‘நியமனதாரர்’ தூய தமிழ் இல்லையெனினும் பொருளைக் கெடுக்கவில்லை. என் விருப்பம் ‘பெறுகையாளர்’. பெறுபவர் என்று மட்டுமே சொல்லி, உரிமை யாருடையது என்பதை அது சட்டத்துக்கு விட்டுவிடுகிறது. இரண்டும் பிடிக்காதவர்கள் நாமினி என்றே எழுதட்டும்.

2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை, அவரவர்க்கு இத்தனை விழுக்காடு என்று குறித்து நியமிக்கலாம். அந்த விழுக்காடுகளுக்கு மேலே ‘வாரிசுதாரர்கள்’ என்று தலைப்பிட்டால், படிவத்தையே பாகப்பிரிவினைப் பத்திரமாகக் குடும்பங்கள் எடுத்துக்கொள்ளும்.