லேப்டாப்பில் ஒன்று, லைவில் மூன்று

களியக்காவிளையிலிருந்து தினமும் பஸ் ஏறி திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறேன். அதே பஸ்ஸில் முதல் வேலையில் சேர்ந்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிறார்கள். பல கணினிகளில் ஓடும் மென்பொருளை லேப்டாப்பிலேயே சோதிப்பது எப்படி என்று, அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முன்பு ஒரு ப்ராஜெக்டில், தவணையை நினைவூட்டும் எஸ்எம்எஸ் காலை 9 மணிக்குப் போகும்படி எழுதியிருந்தேன். லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை. லைவிலோ, அதாவது வாடிக்கையாளர்களுக்காக ஓடும் இடத்தில், அதே அப்ளிகேஷன் மூன்று நோடுகளில் (தனித்தனி கணினிகளில்) ஓடியது. மூன்றிலும் மணி 9 ஆனது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மூன்று எஸ்எம்எஸ். கடன் வாங்கியவர் மனம் அன்று என்ன பாடுபட்டிருக்கும் என்று இன்றும் நினைப்பதுண்டு.

அன்றிலிருந்து, லைவில் பல நோடு என்றால் என் லேப்டாப்பிலும் டாக்கர் காம்போஸில் (பல கன்டெய்னர்களை ஒரே கோப்பிலிருந்து ஓட்டும் கருவி) மூன்று கன்டெய்னர், அதாவது தனித்தனி கணினி போல இயங்கும் மூன்று பெட்டிகள். இரண்டோடு நிறுத்தாதீர்கள். பல நோடுகளில் ஒரே தரவை வைத்திருக்கும் எட்சிடி (etcd) போல, பாதிக்கு மேல் நோடுகள் ஒப்புக்கொண்டால்தான் எழுதும் மென்பொருளில், இரண்டில் ஒன்று விழுந்தாலே எழுதும் வேலை நின்றுவிடும். மூன்றில் ஒன்று விழலாம், ஐந்தில் இரண்டு விழலாம்.

புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் லோக்கல்ஹோஸ்ட், அதாவது 'இதே கணினி' என்பதற்கான பெயர். "நம்ம ஊர்" என்று நான் சொன்னால் களியக்காவிளை. கூட வேலை செய்யும் கழக்கூட்டத்துக்காரர் சொன்னால் கழக்கூட்டம். அதுபோல ஒரு கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். பக்கத்து நோடை காம்போஸ் கோப்பில் வைத்த சர்வீஸ் பெயரால் கூப்பிடுங்கள். அப்புறம், ஒரு சர்வீஸ் டேட்டாபேஸைச் சார்ந்தது என்று சொல்ல டிபெண்ட்ஸ்-ஆன் (depends_on) என்று மட்டும் எழுதினால் டேட்டாபேஸ் கன்டெய்னர் தொடங்கும்வரைதான் காத்திருக்கும், அது தயாராகும்வரை அல்ல. ஹெல்த்செக் (தயாரா என்று பார்க்கும் சோதனை) வைத்து, அது தேறிய பிறகே மற்றவை கிளம்பும்படி நிபந்தனையும் போடுங்கள். கன்டெய்னர் 137 என்ற எக்ஸிட் எண்ணோடு (பலவந்தமாகக் கொல்லப்பட்டதன் அடையாளம்) செத்தால் முதலில் மெமரி வரம்பைப் பாருங்கள்.

சரி, மூன்றும் ஓடுகிறது. இனிமேல்தான் உண்மையான சோதனை. எஸ்எம்எஸ் சிக்கலுக்கு, காலக்கெடு உள்ள ஒரு பூட்டை டேட்டாபேஸில் வைத்தோம்; பூட்டு கையில் உள்ள நோடு மட்டும் அனுப்பும். ஒரு நோடை நிறுத்திப் பார்த்தேன், அடுத்தது பொறுப்பெடுத்தது. எல்லோருக்கும் நிம்மதி. பிறகு டாக்கர் பாஸ் (docker pause) என்ற கட்டளை கொடுத்துப் பார்த்தேன். இது ஸ்டாப் போல அல்ல. ப்ராசஸ் சாகாது, அப்படியே உறைந்து நிற்கும். கெடு முடிந்து இன்னொரு நோடு பூட்டை எடுத்துக்கொண்டது. அன்பாஸ் செய்ததும், நேரம் போனதே தெரியாத பழைய நோடு பூட்டு இன்னும் தன்னிடம்தான் என்று நம்பி, விட்ட இடத்திலிருந்து அனுப்பத் தொடங்கியது. மறுபடி இரட்டை எஸ்எம்எஸ்!

லைவில், பயன்படாத மெமரியை மீட்க ப்ரோக்ராமைச் சற்று நிறுத்தும் நீண்ட கார்பேஜ் கலெக்‌ஷன் வந்தாலும் இதேதான் நடக்கும். அதனால் பூட்டைக் கைமாற்றும் ஒவ்வொரு முறையும் முந்தையதைவிடப் பெரிய எண் ஒன்றைக் கொடுத்தோம். அனுப்புமுன் அந்த எண்ணோடு, டேட்டாபேஸில் அந்த எஸ்எம்எஸ்ஸுக்குரிய வரிசையில் (row) குறி போட வேண்டும். பழைய எண்ணோடு வந்தாலோ ஏற்கெனவே குறி இருந்தாலோ டேட்டாபேஸ் மறுத்துவிடும். மறுபடி பாஸ், அன்பாஸ். இந்த முறை பழைய நோடின் லாகில் மறுப்பு வந்தது. சோதனை எண்ணுக்கு வந்தது ஒரே எஸ்எம்எஸ்.