எரிபொருள் அமைப்பின் குறைபாட்டுக்கு ‘ரீகால்’: வண்டி உரிமையாளர் அறிய வேண்டியவை

வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுபவர்கள் பலர். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். எரிபொருள் கசிந்து சூடான பாகத்தில் பட்டால் தீப்பிடிக்கும். கசியாமல் இருந்தாலும், பம்ப் பழுதாகி எரிபொருள் என்ஜினுக்குப் போய்ச் சேராவிட்டால், வேகமாக ஓடும் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் குறை உங்கள் வண்டியில் மட்டுமல்லாமல், அதே தயாரிப்பில் வந்த மற்ற வண்டிகளிலும் இருக்கலாம். அப்போது தயாரிப்பாளர் அவற்றைத் திரும்ப அழைத்துத் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இதுதான் ‘ரீகால்’. வண்டியைப் பறித்துக்கொள்வார்கள் என்று அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் சர்வீஸ் சென்டரில் பாகத்தை மாற்றித் திருப்பித் தந்துவிடுவார்கள்.

இத்தகைய குறையை உரிமையாளர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. டொயோட்டா 2020-இல் உலகெங்கும் சுமார் 58 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எரிபொருள் பம்பினுள் சுழலும் சிறிய பிளாஸ்டிக் சக்கரம் போதிய அடர்த்தியில்லாமல் வார்க்கப்பட்டிருந்தது. அது எரிபொருளை உறிஞ்சி உப்பி, பம்பின் உட்சுவரில் உரசியது. பம்ப் நின்றுபோகும் நிலை வந்தது. அதற்கு முன்பே, 1978-இல், அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் பின்டோ உள்ளிட்ட சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்ததால், பின்னாலிருந்து மோதினால் அது கிழிந்து தீப்பற்றும் ஆபத்து இருந்தது.

அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டம் ரீகாலுக்கு அடித்தளம். முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகள் வரை இலவசப் பழுதுநீக்கம் உண்டு. இந்தியாவில் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ரீகாலுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. அதன் விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். உத்தரவின் பேரில் நடக்கும் ரீகாலுக்கு 10 லட்சம் ரூபாய் முதல் 1 கோடி வரை அபராதம். தயாரிப்பாளர் தானே குறையைக் கண்டு அரசிடம் தெரிவித்து வண்டிகளைத் திரும்ப அழைத்தால் அபராதம் இல்லை. இது நல்ல ஏற்பாடு என்பேன். ஒளிப்பதைவிட ஒப்புக்கொள்வது லாபம் என்றாகிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ரீகால் கடிதம் நிறுவனத்திடமோ அரசிடமோ பதிவாகியுள்ள முகவரிக்குத்தான் போகும். வீடு மாறியவருக்கும் பழைய வண்டி வாங்கியவருக்கும் அது வந்து சேராமலே போகலாம். ஆனால் உரிமை வண்டியோடு வருவது. எத்தனையாவது கை மாறியது என்பது பொருட்டல்ல. ஆகவே கடிதத்துக்குக் காத்திராமல், பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் நீங்களே இட்டுப் பாருங்கள். அதில் இலக்கங்களும் எழுத்துகளும் சேர்ந்து மொத்தம் 17 இருக்கும். ஆங்கில ஐ, ஓ, க்யூ ஆகியவை அதில் வராது. ஓ போலத் தெரிவது பூஜ்யம், ஐ போலத் தெரிவது ஒன்று. ஆண்டுக்கு இரண்டு முறை பார்ப்பது நல்லது.

பட்டியலில் இல்லாவிட்டாலும் வாடை அடித்தால், அல்லது காரணமின்றி வண்டி நின்றால், சர்வீஸ் சென்டரில் புகாரை எழுத்தில் பதியச் சொல்லுங்கள். அரசிடமும் புகார் செய்யலாம்; இந்தியாவில் அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாஹன் வழியாக. ஒரே குறையைப் பலர் பதிவு செய்தால்தான் விசாரணைக்கு வலு கிடைக்கும்.

மாற்றுப் பாகம் இன்னும் வரவில்லை என்றால், அதுவரை ஓட்டலாமா, எங்கே நிறுத்த வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தீ ஆபத்து உள்ள ரீகாலில், வீட்டை ஒட்டி நிறுத்தாமல் வெளியே திறந்த இடத்தில் நிறுத்தச் சொல்வது உண்டு. அதை அலட்சியம் செய்யாதீர்கள். ரீகாலுக்கு முன்பே சொந்தப் பணத்தில் அதே பாகத்தை மாற்றியிருந்தால் ரசீதைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அமெரிக்க விதிகளில் இதற்கு இடமுண்டு. வேலை முடிந்ததும் ரீகால் எண் குறிக்கப்பட்ட ஜாப் கார்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்கும்போது அதை வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.